உப்பு டப்பாவில் பாலன்

அறுநூற்று நாற்பது பெசோ. கைவண்டிக்காரர் தோன் எவரிஸ்தோவுக்குத் தொமித்திலா தர வேண்டியிருந்த கடன் அவ்வளவுதான். இது ஒரு கடனா என்று கேட்கிறவர்கள், வாரக் கூலியை வாங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியைத் தொலைத்துப் பழகாதவர்கள். டிசம்பர் நடுவில் அடுப்புக்கு வாயு தீர்ந்தது. அதே வாரம் மின்சாரக்காரன் ஏணியைச் சாய்த்துக் கம்பியை வெட்ட ஏறிவிட்டான். பக்கத்து வீட்டு எவரிஸ்தோதான் ஏணியின் அடியில் போய் நின்றார்.

"எறங்குப்பா, எறங்கு. காசு வருது."

காசு அவருடைய தலையணை உறைக்குள்ளிருந்து வந்தது.

அவருக்கு எழுத்து தெரியாது. தன் வீட்டுக் கதவின் உட்பக்கத்தில், இருபது பெசோவுக்கு ஒரு கோடு என்று அடுப்புக்கரியால் முப்பத்திரண்டு கோடுகள் இழுத்தார். "இது ஒனக்காக இல்ல, எனக்காக. வயசாச்சு, மறந்துருவேன்," என்றார். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொமித்திலா ஜீன்ஸ் பட்டறையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு உருப்படிக்கு எழுபது செந்தாவோ, முக்கால் பெசோகூட இல்லை. ஊருக்குப் பண்டிகை வந்தால் பட்டறைக்கு அவசரம் வரும். நவம்பர் பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் உட்காரவில்லை. வடக்கே வேலைக்குப் போன புருஷன் இரண்டு வருஷமாகப் போன் எடுப்பதில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து தொண்டை. சான் இசித்ரோ கோயிலில் எந்தப் பாட்டானாலும் முதல் அடியை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். முன்பெல்லாம் நீராவிப் பெட்டியை அழுத்திக்கொண்டே பாடுவாள். பெட்டியின் உஸ்ஸென்ற சத்தமே அவளுக்குத் தாளம். அந்த வருஷம் அப்படியில்லை. வாய் தேவபாலனைத் தாலாட்டியது, மனசு உருப்படியை எண்ணிக்கொண்டிருந்தது.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். வேலை முடிந்து, மூஞ்சியைக்கூடக் கழுவாமல் கோயிலுக்கு ஓடினாள். பூசை முடிந்து முற்றத்தில் வளைய ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்குள் மூன்று பொம்மைகள், நகத்தளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பாலன்கள், இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் துண்டில் வருகிறதோ அவர்தான் பாலனுக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன். பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தித் திருநாளன்று அவர்கள் செலவு செய்ய வேண்டும். சான் இசித்ரோவில் ஒரு வரிசை உண்டு: முதல் பொம்மைக்காரர் பாலனுக்குப் புதுத்துணி, இரண்டாமவர் ஊருக்குச் சோளக்கஞ்சி, மூன்றாமவர் தலையில் தமால், சோள மடலில் சுருட்டி அவித்த இறைச்சிக் கொழுக்கட்டை. கோயிலுக்கு வருகிற அத்தனை பேருக்கும், தலைக்கு இரண்டு.

முதல் பொம்மை ரொட்டிக்கடை மருமகளுக்கு வந்தது. இரண்டாவது, தோர்த்தியா என்னும் சோள ரொட்டி விற்கிற கடைக்காரி தோஞா சோலேக்கு. "கஞ்சிதானே, காச்சித் தொலைக்கிறேன்," என்று அவள் பொம்மையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் தொமித்திலாவின் பல்லில் ஏதோ கடுக்கென்று பட்டது.

நாக்கு அதைத் தடவிப் பார்த்தது. தலை, கை, மடக்கின கால். அவள் தலைக்குள் பன்றி இறைச்சியின் விலை ஓடியது, கொழுப்பின் விலை, மாவின் விலை. அதன் பின்னாலேயே முப்பத்திரண்டு கரிக்கோடு. அவள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. நாக்குதான் தீர்மானித்தது. பொம்மையை இடது கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, ரொட்டியை வலது பக்கமாக மென்று விழுங்கினாள்.

ரொட்டி தீர்ந்து தட்டில் சீனித்தூள்தான் மிஞ்சியது. சோலே இடுப்பில் கைவைத்தாள்.

"மூணு போட்டேன்னு ரொட்டிக்காரன் அவன் அம்மா மேல சத்தியம் பண்ணினான். ரெண்டுதான் வந்திருக்கு. எந்த மகராசி வாயில இருக்கு? தொறங்க, பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். தொமித்திலாவும் உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாள்.

"அங்க உக்காந்திருக்காரு பாரு ஒரு ஆளு," என்றான் கோயில் மணியடிக்கிறவன். "நாலு பல்ல வச்சிக்கிட்டு நாலு துண்டு உள்ள தள்ளினவரு."

எல்லாத் தலையும் எவரிஸ்தோ பக்கம் திரும்பியது. மீசையில் சீனித்தூளோடு அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம்.

"ஆமா... ரெண்டாவது துண்டுல என்னமோ வழுக்கிட்டுப் போச்சு. சீனியில ஊறின அத்திப்பழம்னுல்ல நெனச்சேன்."

முற்றம் அதிர்ந்தது. அவர் மெல்ல எழுந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். முகம் பளபளத்தது.

"எழுபத்தொரு வருஷமா இந்த ரொட்டியத் திங்கிறேன். ஒரு தடவகூட எனக்கு வந்ததில்ல. இப்ப பாருங்க, வாசல்ல நிக்காம நேரா உள்ளயே போயிட்டாரு."

"நூத்தி நாப்பது தமால் வேணும், தோன் எவரிஸ்தோ," என்றாள் சோலே. "உள்ள இருக்கவரு குடுப்பாரா?"

"அவரு குடுப்பாரு. இல்லன்னா நான் குடுப்பேன்."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் துப்பிக் காட்டியிருந்தால் அதுவும் ஒரு சிரிப்போடு போயிருக்கும். வழக்கம்போல எல்லோரும் அவள் பக்கம் திரும்பி, "தொமித்திலா, தாலாட்ட எடு," என்றார்கள். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"பல்வலியா? வீங்கியில்ல இருக்கு," என்று சோலே உள்ளே ஓடிப்போய் ஒரு கிராம்போடு வந்தாள். "வலிக்கிற பல்லுல வச்சு அழுத்துடி." தொமித்திலா அதை வாங்கி வலது பக்கம் வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் தாலாட்டை மணியடிக்கிறவன் எடுத்தான். ஆடு கத்துவதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் துப்பினாள். பாலன் கையை விரித்தபடி கிடந்தார். தலையில் அவள் பல் பதிந்திருந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. மாடத்தில் வைக்க முகம் இல்லை. பிள்ளைகள் கை போடாத இடம் என்று உப்பு டப்பாவின் அடியில் புதைத்தாள். புத்தி கெட்ட இடம். பீன்ஸுக்கு உப்புப் போட தினமும் டப்பாவைத் திறக்க வேண்டுமே. திறக்கும்போதெல்லாம் உப்புக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும்.

எவரிஸ்தோ சும்மா இருக்கவில்லை. அந்த மனுஷன் இருபது வயது குறைந்தவர்போலத் திரிந்தார். சந்தையில் வெங்காய மூட்டை, தக்காளிப் பெட்டி, எவன் கூப்பிட்டாலும் ஓடினார். "வழி விடுங்க, வழி விடுங்க, உள்ள ஒருத்தரு இருக்காரு," என்று வண்டியை இழுத்துக்கொண்டு போவார். பிள்ளைகள், "தாத்தா, பாலன் வெளிய வந்துட்டாரா?" என்று கத்தும். "அவருக்கு இங்க நல்லா கதகதப்பா இருக்காம், வரமாட்டேங்கிறாரு," என்பார். ஒருநாள் தொமித்திலாவிடமே வந்து, "ராத்திரியில மெதுவா ஒதைக்கிறாரு," என்று ரகசியம் சொன்னார். பாதி வேடிக்கை. பாதி வேடிக்கை இல்லை.

அவர் வண்டியின் கைப்பிடியில் ஒரு சின்ன ரேடியோ தொங்கும். அவர் வருவதற்கு முன்னே அதன் சத்தம் தெருவுக்குள் வந்துவிடும். ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் வண்டி சத்தமில்லாமல் வந்தது. ரேடியோ தொங்கிய இடத்தில் கம்பி மட்டும் இருந்தது.

"ரேடியோ எங்க, தோன் எவரிஸ்தோ?"

"வித்துட்டேன். பன்னிக்கறி என்ன வெல விக்கிது தெரியுமா? அது கெடக்குது, இப்ப நானே பாடிக்கிறேன்." அவர் பாடியும் காட்டினார். சுருதி இல்லை, பாதி வார்த்தையும் இல்லை. "ஒன் பல்லு எப்படி இருக்கு? நீ பாடி ரொம்ப நாளாச்சே."

"வலி இன்னும் போகல," என்றாள்.

அன்று பீன்ஸுக்கு உப்புப் போடவில்லை. பிள்ளைகள் முகம் சுளித்தன. கொடுத்த காசைக் கேட்காமல் ரேடியோவை விற்றிருக்கிறார். தான் விழுங்காததற்கு விருந்து வைக்கிறார். அவள் பட்ட கடனும் அவள் மறைத்த கடனும் சேர்ந்து ஒரே கிழவரின் முதுகில் ஏறியிருக்கின்றன.

அடுத்த ஞாயிறு சாமியார் வந்தபோது, பட்டறையில் ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பிள்ளைகளை அடித்தேன் என்றாள். பூசைக்கு வரவில்லை என்றாள். புருஷனை மனசுக்குள் சபித்தேன் என்றாள். அப்புறம் வாய் நின்றுவிட்டது. "வேற ஏதாவது உண்டா, மகளே?" என்றார் சாமியார். நகத்தளவு பிளாஸ்டிக். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெரிய பாவமாக இருந்தால் சொல்லியிருப்பாள். இது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கேவலமாக இருந்தது. "இல்ல சாமி," என்றாள். பாவத்தைச் சொல்லப் போன இடத்திலும் ஒரு பொய்.

பிப்ரவரி முதல் தேதி சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து கூலியை வாங்கினாள். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு இடைவேளையிலும் இஸ்திரி போட்டுச் சேர்த்ததையும் சேர்த்தால் கடனுக்கென்று நானூறு பெசோ தேறியது. வீட்டுக்குப் போய் உப்பு டப்பாவைக் கவிழ்த்தாள். காசை ஒரு கையிலும் பாலனை மறுகையிலும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலிக் கதவைத் தள்ளினாள்.

எவரிஸ்தோ முற்றத்தில் இருந்தார். தொட்டி நிறையச் சோள மடல் ஊறிக்கொண்டிருந்தது. இறைச்சி வெந்து அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. எட்டுக் கிலோ மாவைப் பன்றிக் கொழுப்போடு சேர்த்து, முழங்கைவரை மாவாக, தனியாகப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் பொம்மையைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாவுக்கை தானாகப் போய் வயிற்றில் பதிந்தது.

"அப்போ... இங்க ஒண்ணும் இல்லையா?"

திட்டுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். திட்டுக்குத் தயாராக இருந்தாள். இந்தக் கேள்விக்கு இல்லை.

"என் துண்டுலதான் வந்துச்சு. கன்னத்துல ஒதுக்கிட்டேன். பல்வலியெல்லாம் பொய்."

"இருபத்தாறு நாளு," என்றார் அவர். "சந்தையில, தெருவுல, ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே. செத்துப்போன என் பொண்டாட்டி படத்துக்கிட்டகூடச் சொன்னேன்." வெளிறிப்போன முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மாவைக் குத்த ஆரம்பித்தார். பிசையவில்லை, குத்தினார்.

ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு. காசை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

"நான் போறேன்."

"எங்க போற? எட்டுக் கிலோ மாவு கெடக்கு. கையக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு எதிரே நின்று பிசைந்தாள். நீராவி சுட்ட தழும்புகளின்மேல் கொழுப்பு இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு குவளைத் தண்ணீரில் மாவு உருண்டை ஒன்றைப் போட்டார். பதமான மாவு மிதக்கும். இது கல்மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

இன்னும் பிசைந்தார்கள். மறுபடி போட்டார். மறுபடி முழுகியது.

"எப்படி மெதக்கும்?" என்றார் எவரிஸ்தோ. "நான்தான் கோவத்துல இருக்கேனே."

அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடுப்படியில் யாருக்காவது மனக்கசப்பு இருந்தால் தமால் வேகாது. நாள் முழுக்க எரித்தாலும் மாவு மாவாகவே இருக்கும். கசப்பு போக ஒரே வழி, பானைக்கு முன்னால் பாடி ஆட வேண்டும், அதுவும் மனசோடு.

"நூத்தி நாப்பது பச்சை மாவத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போகச் சொல்றியா? பாடு."

"என்னால முடியல, தோன் எவரிஸ்தோ. எந்த மூஞ்சியோட பாடுறது?"

"மூஞ்சியோடயா பாடுவாங்க? வாயோட பாடு. அதுலதான் இப்ப ஒண்ணும் இல்லையே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பாடினாள். அன்று பாடாமல் விட்ட தாலாட்டைத்தான் எடுத்தாள். முதல் அடி கரகரத்து உடைந்தது. இரண்டாவதும் சரியில்லை. பலகையின் ஓரத்தில் பாலன் கையை விரித்துக் கிடந்தார், தலையில் பல் தடத்தோடு. வாயில் ஒதுக்கி, உப்பில் புதைத்து வைத்திருந்தவருக்கா தாலாட்டு? அந்த வெட்கத்தோடேதான் பாடினாள்; அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் அடியில் தொண்டை திறந்துகொண்டது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது, குரல் உடையவில்லை, நிலைத்து நின்றது. மூன்று மாதமாக மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்த அந்த எண்ணிக்கை எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியாது. பாட்டு உள்ளே இறங்கிய பிறகுதான் கவனித்தாள்.

எவரிஸ்தோ ஆடினார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, மாவுக்கைகளை இரண்டு பக்கமும் நீட்டியபடி பானையைச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் கால் இடறி விறகில் முட்டிக்கொண்டு, "ஐயோ சாமி," என்றார். அதில் முகம் உடைந்தது. சிரித்துவிட்டார்.

உருண்டையைக் குவளையில் போட்டார். அது முழுகிப் போய், யோசித்து, மெதுவாக மேலே வந்தது.

மடலில் மாவு தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். "நாளைக்குச் சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"என்னக் கேலி பண்ணுவாங்க."

"என்னையும்தான்."

"ம்." இன்னும் நான்கைந்து சுருட்டினார். "ரெண்டு பேரா இருந்தாப் பரவால்ல."

மறுநாள் பூசைக்குப் பிறகு முற்றத்தில் எல்லோர் தட்டிலும் தமால் ஆவி பறந்தது. சோலேயின் கஞ்சி அண்டாவில் கொதித்தது. மணியடிக்கிறவன் வழக்கம்போல ஆரம்பித்தான்: "தோன் எவரிஸ்தோ, உள்ள இருக்கவருக்கும் ஒரு தமால் குடுத்தீங்களா?"

தொமித்திலா எழுந்தாள். பொம்மையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அவரு வயித்துல இல்ல. என் வாயில இருந்துச்சு. நான்தான் மறைச்சேன். அவரு ரேடியோவ வித்தது என்னாலதான்."

கரண்டிச் சத்தமெல்லாம் அடங்கியது. யாரோ ஒருத்தி தட்டைக் கீழே வைத்தாள். ரொட்டிக்கடை மருமகள் பக்கத்திலிருந்தவள் காதில் எதையோ சொன்னாள்.

சோலே முன்னால் வந்தாள்.

"அப்போ என் கிராம்பு?"

"என்னது?"

"நல்ல பல்லுக்கு வச்ச கிராம்பு. கிராம்பு என்ன மரத்துலயா காய்க்குது?"

மரத்தில்தான் காய்க்கிறது என்று யாரோ சொல்ல, சிரிப்பு வெடித்தது. எல்லோரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அதில் ஒருத்தி இன்றுவரை பேசுவதில்லை. தொமித்திலா அதை வாங்கிக்கொண்டாள். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

எவரிஸ்தோ எழுந்து, புதுத்துணி உடுத்தியிருந்த பாலனின் சுரூபத்தைத் தட்டோடு தூக்கினார். ஒரு பக்கத்தை அவள் பக்கமாகச் சாய்த்தார்.

"தகப்பன் மட்டும் போதுமா, தாய் வேணாமா? பிடி, கொமாத்ரே. கனக்குது."

ஒரே பாலனுக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் ஆனவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும், அவள் கொமாத்ரே, அவர் கொம்பாத்ரே, சாகும்வரை. அவர் அதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் சுரூபத்தைப் பீடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாட்டை அவள் எடுத்தாள். நாளைக் காலை ஆறு மணிக்குப் பட்டறை. எழுநூறு உருப்படி காத்துக்கிடக்கிறது. அது தெரிந்தேதான் பாடினாள்.

திரும்பும்போது காலிப் பானையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவள் காசு முடிச்சை அவிழ்த்து நானூறு பெசோவை எண்ணிப் பலகைமேல் வைத்தாள்.

"இவ்வளவுதான் இருக்கு, கொம்பாத்ரே. மிச்சம் அடுத்த மாசம்."

அவர் காசை எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டார். துணியை நனைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்று, மேலிருந்து துடைக்க ஆரம்பித்தார். அவள் கூடவே எண்ணினாள். இருபதாவது கோட்டிலும் துணி நிற்கவில்லை.

"இருபதுதான் அழிக்கணும். இன்னும் பன்னெண்டு இருக்கணும்."

"அப்படியா? எனக்கு எண்ணத் தெரியாது, கொமாத்ரே," என்றார், நூற்று நாற்பது தமாலை ஒன்று குறையாமல் எண்ணிச் சுருட்டிய மனுஷன்.

முப்பத்திரண்டும் போய், கதவில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் இருந்தது.